அப்பாவின் மோட்டார் சைக்கிளை வெட்டலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் ஒரு பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 நிற்கிறது.

அப்பா கல்யாணத்துக்கு முன்பு வாங்கிய வண்டி அது. அம்மாவைப் பெண் பார்க்கப் போனது அந்த வண்டியில்தான். மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அந்த வண்டியில்தான். பிறகு பத்து வருஷமாக மூலையில் கிடந்தது. இப்போது மகனுக்கு 19 வயது. தூசி தட்டி வெளியே எடுத்துவிட்டான்.

"அப்பா, சைலன்சரை வெட்டிடலாம். சிலிண்டரையும் கொஞ்சம் கடைஞ்சு விட்டா வண்டி பறக்கும்" என்கிறான்.

அப்பா தயங்குகிறார். "அந்தச் சத்தத்தை யாரு கேக்கிறது?" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறாள்.

இந்தப் பேச்சு இன்று பல வீடுகளில் நடக்கிறது. வெட்டலாமா, கூடாதா?

கூடாது.

சத்தத்துக்காக மட்டும் அல்ல. போலீசுக்குப் பயந்தும் அல்ல. வெட்டினால் வண்டியின் இழுவை குறைந்துவிடும். வேகத்துக்காக வெட்டுகிறவன் வேகத்தையே வெட்டி எறிகிறான். வேடிக்கை அதுதான்!

டூ ஸ்ட்ரோக் என்றால் என்ன?

இன்று கடையில் வாங்கும் மோட்டார் சைக்கிள்கள் நாலு ஸ்ட்ரோக் வண்டிகள். பிஸ்டன் இரண்டு முறை மேலே போய், இரண்டு முறை கீழே வரும். அதற்குள் ஒரு முறைதான் பெட்ரோல் வெடித்து வண்டியைத் தள்ளும்.

டூ ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே. அதற்குள் ஒரு வெடி. அதனால்தான் சின்ன என்ஜினுக்கு அவ்வளவு துடிப்பு! ஆர்.எக்ஸ். 100 வண்டியில் இருப்பது 98 சி.சி. என்ஜின். சக்தியோ 11 குதிரை. வண்டியின் எடை சுமார் 103 கிலோதான். முறுக்கினால் சீறாமல் என்ன செய்யும்?

இந்த வண்டி 1985-ம் ஆண்டு வந்தது. 1996-ம் ஆண்டு நின்றது. நம் ஊர்த் தெருக்களில் ஓடிய ராஜ்தூத், மைசூரில் செய்த ஜாவா, எஸ்டி, ஓசூரில் செய்த சுசுகி ஆகியவையும் டூ ஸ்ட்ரோக்தான். பால்காரரும் வாத்தியாரும் ஓட்டிய டி.வி.எஸ். 50 வண்டியும் அதே ஜாதிதான்! பங்கில் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றியது பலருக்கு நினைவிருக்கும்.

நாலு ஸ்ட்ரோக்கில் இருப்பது போன்ற வால்வு இந்த என்ஜினில் கிடையாது. சிலிண்டரின் சுவரில் ஜன்னல்கள் இருக்கும். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதுவே ஜன்னலை மூடும், அதுவே திறக்கும். வெந்த புகை ஒரு ஜன்னல் வழியாக வெளியே போகும்போதே, புதிய பெட்ரோல் ஆவி இன்னொரு ஜன்னல் வழியாக உள்ளே வரும்.

டவுன் பஸ்சை நினைத்துப் பாருங்கள். முன்படியில் ஆள் இறங்கி முடிப்பதற்குள் பின்படியில் ஆள் ஏறுகிறார்கள். அந்த நெரிசலில் ஏறியவர்களில் சிலர் முன்படி வழியாகக் கீழே தள்ளப்பட்டுவிட்டால்? டூ ஸ்ட்ரோக்கில் நடப்பது இதுதான். உள்ளே வந்த பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே வெளியே போய்விடுகிறது.

அதைத் தடுப்பது யார்? சைலன்சர்தான்!

கிணற்று அலை

கிணற்றில் கல்லைப் போட்டால் அலை கிளம்புகிறது. சுவரில் முட்டுகிறது. திரும்பி வருகிறது.

சைலன்சருக்குள்ளும் அப்படியே. புகை வெளியே பாயும்போது ஓர் அலை கிளம்பும். குழாய் விரிகிற இடத்தில் அந்த அலை உறிஞ்சும் அலையாகத் திரும்பி, சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை இழுத்துவிடும். பிறகு குழாய் குறுகுகிற இடத்தில் முட்டித் தள்ளும் அலையாகத் திரும்பும். தப்பி ஓடிய புதுப் பெட்ரோலை அது மறுபடியும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அதற்குள் ஜன்னல் மூடிக்கொள்ளும். எத்தனை அங்குலத்தில் விரிய வேண்டும், எங்கே குறுக வேண்டும் என்பதெல்லாம் கணக்கு. ஒரு சாண் வெட்டினாலும் அந்தக் கணக்குத் தப்பிவிடும்.

நாலு ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் பெரும்பாலும் சத்தம் அடக்கும் பெட்டி. டூ ஸ்ட்ரோக்கில் அது என்ஜினின் பாதி.

குழாயின் ரகசியம் நாடு தாண்டியது

இந்தக் குழாயின் ரகசியத்தோடு ஒரு வீரர் நாட்டையே விட்டு ஓடியிருக்கிறார்.

கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். என்று ஒரு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருந்தது. அங்கே வால்டர் காடன் என்ற என்ஜினீயர் வேலை பார்த்தார். கையில் பணம் இல்லை. நல்ல இரும்புக்கும் தட்டுப்பாடு. ஆனால் மூளை இருந்தது. குழாயின் அலைக் கணக்கை அவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1961-ம் ஆண்டு, வெறும் 125 சி.சி. என்ஜினிலிருந்து 25 குதிரைச் சக்தியை வாங்கிக் காட்டினார். உலகம் வாயைப் பிளந்தது.

அந்த வண்டியை ஓட்டியவர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961 செப்டம்பரில் சுவீடன் நாட்டில் பந்தயம் நடந்தது. பந்தயத்துக்குப் போன டெக்னர் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை! அதே சமயத்தில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் ஒரு காரின் பின்பெட்டியில் ஒளிந்து மேற்கு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார்கள்.

டெக்னர் நேராக ஜப்பானின் சுசுகி கம்பெனியில் சேர்ந்தார். மறு ஆண்டே, 1962-ல், சுசுகி வண்டியில் 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார். அந்தக் கம்பெனிக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. எம்.இசட். கற்ற வித்தை இப்படித்தான் ஜப்பானுக்குப் போனது. அப்புறம் ஜப்பான்காரர்கள் அதில் புகுந்து விளையாடினார்கள்.

அப்படி வந்த குழாயைத்தான் தெருமுனையில் வைத்து ரம்பத்தால் அறுக்கிறார்கள்!

அறுத்த பிறகு சத்தம் காதைப் பிளக்கிறது. வேகம் கூடிவிட்டது போல் தோன்றுகிறது. ஏற்றத்தில் ஒருவரைப் பின்னால் உட்கார வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கடைவதில் என்ன வரும்?

சிலிண்டர் ஜன்னலைக் கடைந்து பெரிதாக்குவது வேறு ஒரு வித்தை. தெரிந்தவர் செய்தால் சக்தி கூடும் என்பது உண்மைதான். ஆனால் அது உச்ச வேகத்தில்தான் கிடைக்கும். மெதுவாகப் போகும்போது இழுவை போய்விடும். மார்க்கெட் ரோட்டில் எருமை குறுக்கே நின்றால் வண்டி இருமும். மீண்டும் சரி செய்யலாம் என்றால், கடைந்த இரும்பை ஒட்ட வைக்க முடியாது. இந்த வண்டிகளுக்குக் கம்பெனி சிலிண்டர் கிடைப்பது இன்று குதிரைக் கொம்பு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. காற்று வரும் வழியையோ புகை போகும் வழியையோ மாற்றினால், கார்புரேட்டரின் ஜெட்டையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பெட்ரோல் குறைந்து காற்று கூடிவிடும். என்ஜின் அளவுக்கு மேல் சூடேறும். பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் இதை 'சீஸ்' என்பார்கள். 70 கிலோமீட்டர் வேகத்தில் இது நடந்தால் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். அந்த நொடியில் கிளச்சைப் பிடிக்காதவன் தரையில்தான்!

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. அதனால் பழைய என்ஜின்களுக்கு இந்தச் சூடு இன்னும் கொஞ்சம் கூடும். பழைய ரப்பர் குழாய்களும் கெடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் போதும். முனை காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் ஆபத்து.

புகை வருகிறதே என்று எண்ணெயைக் குறைக்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அந்தச் சிக்கனத்துக்கு விலை ஒரு பிஸ்டன்!

மலை இறங்கும்போது இதை மறக்கக் கூடாது. ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் 70. முறுக்கை முழுக்க மூடிவிட்டு இறங்கினால், எண்ணெய் கலந்த பெட்ரோல் உள்ளே போகாது. என்ஜினோ வேகமாகச் சுற்றும். எண்ணெய் இல்லாமல் தேயும். அவ்வப்போது லேசாக ஒரு முறுக்குக் கொடுத்தபடி இறங்க வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் என்ஜின் வண்டியை அவ்வளவாகப் பிடித்து நிறுத்தாது. எல்லாப் பாரமும் பிரேக்கின் மேல்தான்.

பிரேக் என்றதும் ராஜ்தூத் 350 நினைவுக்கு வருகிறது. 1983-ம் ஆண்டு வந்த இரட்டை சிலிண்டர் வண்டி. ஆரம்பத்தில் 30 குதிரைச் சக்திக்கு மேல்! ஜப்பானில் இதன் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். இங்கே வந்தது டிரம் பிரேக். ஓட்டிய பழைய ஆட்களிடம் கேட்டால், வேகத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். நிற்காமல் போனதைப் பற்றி இரண்டு கதை சொல்வார்கள். 11 குதிரைக்குச் செய்த பிரேக்கை வைத்துக்கொண்டு என்ஜினை மட்டும் முடுக்குகிற பிள்ளைகளின் பெற்றோர் அந்தக் கதைகளைக் கேட்பது நல்லது.

மாட்டிக்கொள்வது யார்?

ஓட்டுவது மகன். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது அப்பாவின் பெயர்.

கம்பெனி செய்தபடி இல்லாமல் வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. 2019-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி, தண்டனையைக் கூட்டினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். தண்டனை வண்டியின் சொந்தக்காரருக்கு! 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசில் வெட்டிய சைலன்சரோடு போய் நிற்க முடியுமா?

"இந்தப் புகை வண்டிகளை எல்லாம் உடைத்துப் போடுங்கள்" என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. எவ்வளவு நன்றாக வைத்திருந்தாலும் இந்த வண்டி புது வண்டியைவிட அதிகமாகக் காற்றைக் கெடுக்கும். பக்கத்து வீட்டில் தொட்டிலில் குழந்தை தூங்குகிறது. தினமும் ஆபீசுக்கும் காலேஜுக்கும் போக இது வேண்டாம். அதற்குப் புது வண்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று, கோயில் திருவிழாவுக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால், ஒரு தலைமுறை ஓட்டிய வண்டியை உடைத்தே தீரவேண்டும் என்பது இல்லை.

சரி, இழுவைக்கு என்ன வழி?

பத்து வருஷம் மூலையில் கிடந்த வண்டிக்கு இழுவை குறையத்தான் செய்யும். ஆனால் குற்றவாளி பெரும்பாலும் கரிதான்!

எண்ணெயும் சேர்ந்து எரிவதால் டூ ஸ்ட்ரோக்கில் கரி படியும். புகை போகும் ஜன்னலில் படியும். பிஸ்டன் தலையில் படியும். சைலன்சரின் உள்குழாயில் ஓட்டைகள் எல்லாம் அடைத்துப் போகும். மூக்கடைத்த மனிதன் ஓட முடியுமா?

சைலன்சரின் பின்முனையில் உள்ள திருகைக் கழற்றினால் உள்குழாய் கையோடு வரும். கரியைச் சுரண்டி எடுத்து, மறக்காமல் அதைத் திரும்ப மாட்ட வேண்டும். சிலிண்டர் தலையைக் கழற்றி அங்கே உள்ள கரியை எடுப்பது பழகிய மெக்கானிக்கின் வேலை. புது பிளக், சுத்தமான ஏர் பில்டர், சுத்தம் செய்த கார்புரேட்டர், தேய்ந்திருந்தால் புது பிரேக் கட்டை. இவ்வளவும் செய்து ஓட்டிப் பார்த்த பல வாலிபர்கள், "இதே வண்டியா?" என்று கேட்டிருக்கிறார்கள். சிறிது செலவுதான். இந்த வண்டிகள் கைமாறும் விலையோ இன்று லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. வாங்க வருகிறவர்களும் வெட்டாத வண்டியைத்தான் தேடுகிறார்கள்.

அதற்குப் பிறகும் கடைந்து பார்க்க ஆசை இருந்தால், அதற்கும் இடம் இருக்கிறது. சோழவரம் பழைய விமானத் தளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்தே சென்னை மெக்கானிக்குகள் அந்த வித்தையில் கை தேர்ந்தவர்கள். இன்று ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும், கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. அதற்கென்று வேறு ஒரு பழைய என்ஜினை வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கே எதிரே பஸ் வராது. எருமையும் வராது. டாக்டர் தயாராக நிற்பார்.

அப்பாவின் வண்டி வாசலிலேயே நிற்கட்டும்.