லொறிக்கு எந்த ரயர்? தீர்மானிப்பது யார்?

கொழும்புக்கு வரும் எமது மக்கள் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் நன்கு அறிவார்கள். உறவினர் வீடு, விடுதி அறை, கடவுச்சீட்டு அலைச்சல், வைத்தியசாலை என்று எத்தனையோ தேவைகளுக்காக இங்கே தங்கியிருக்கிறோம். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து எமது மக்கள் 376 பேர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதையும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததையும் நாம் மறக்கவில்லை.

இப்போது விவசாயக் குடும்பங்கள் வேறொரு தேவைக்காகவும் கொட்டாஞ்சேனைக்கு வருகின்றன. இங்கே இரவு தங்கி, காலையில் பஞ்சிகாவத்தைக்குப் போய், தமது சிறிய லொறிக்கு ரயர் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகின்றன. ரயரைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கூட்டுக் குழுவின் முழு உழைப்பும் நான்கு சில்லுகளின் மேல்தான் சந்தைக்குப் போகிறது. அதனால் எழுதுகிறோம்.

முதலில் எமது தவறைச் சொல்லிவிடுகிறோம். இடம்பெயர்ந்த குடும்பங்களின் குழு ஒன்றுக்கு உதவி நிறுவனமொன்று சிறிய லொறி ஒன்றை அன்பளிப்பாக வழங்கியது. மாலை போட்டு, படம் எடுத்து, திறப்பைக் கையளித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் ரயர்கள் மொட்டையாகிவிட்டன. குழுவிடம் பணம் இருக்கவில்லை. கொழும்பில் பாவித்த ரயர் நான்கு மலிவாகக் கிடைத்தன. பார்வைக்குப் புதிது போலவே இருந்தன. சிட்டையில் கையொப்பம் வைத்தவர்கள் நாமே.

மூன்றாவது பயணத்தில், கத்தரிக்காயும் பச்சை மிளகாயும் நிறைத்துக்கொண்டு ஏ-9 வீதியில் போகும்போது, நடுப்பகல் வெயிலில் பின் ரயர் ஒன்று வெடித்தது. லொறி வீதியை விட்டு இறங்கிச் சரிந்தது. சாரதியின் தோள் எலும்பு முறிந்தது. மரக்கறி வீதியோரத்திலேயே வாடிப்போனது. திரும்பி வரும்போது சாக்குகளின் மேல் பெண்கள் ஏறி வருவது வழக்கம். அன்று போகும் பயணமாக இருந்ததால் உயிர்கள் தப்பின. ஊரில் எல்லோரும் சாரதியையே ஏசினார்கள். அவரும் எங்களைப் போல் காணி இழந்து வந்தவர்தான். உண்மையில் பிழை அவரிடம் இல்லை.

பிழை எங்கே என்று பின்னர் அறிந்தவர்களிடம் கேட்டோம். அந்த ரயர்கள் கார் ரயர்கள். எமது லொறிக்கு வேண்டியது 185ஆர்14சி என்ற அளவு. அதிலுள்ள ‘சி’ என்ற எழுத்து சுமை ஏற்றும் வாகனத்துக்கு உரியது என்பதைக் காட்டும். நாம் வாங்கியதோ 185/70ஆர்14. இரண்டும் ஒரே 14 அங்குல றிம்மில் பொருந்தும். பொருந்துவதால் கடைக்காரரும் பூட்டிவிடுவார், நாமும் பேசாமல் இருந்துவிடுவோம். ஆனால் தாங்கும் பாரம் ஒன்றல்ல.

ரயரின் பக்கச் சுவரில் அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அதுதான் சுமைச் சுட்டெண். 88 என்றிருந்தால் அந்த ரயர் தாங்குவது 560 கிலோ. 102 என்றிருந்தால் 850 கிலோ. அப்படியானால் பின் அச்சில் இரண்டு கார் ரயர்கள் சேர்ந்து தாங்குவது 1,120 கிலோ மட்டுமே. சரியான லொறி ரயர்கள் இரண்டு 1,700 கிலோ தாங்கும். இந்த 580 கிலோ வித்தியாசத்தில்தான் எமது சாரதியின் தோள் முறிந்தது.

இரண்டாவது விடயம் வயது. பக்கச் சுவரில் நீள்வட்டம் ஒன்றுக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஓடாமல் கடையில் கிடந்தாலும் இறப்பர் வயதாகும், வெடிக்கும். கறுப்பு மை பூசினால் கிழட்டு ரயரும் பளபளக்கும். எனவே பளபளப்பைப் பார்க்க வேண்டாம், இலக்கத்தைப் பாருங்கள். நாம் வாங்கியவை பத்து வயதைத் தாண்டியவை.

மூன்றாவது காற்று. 8 பிளை லொறி ரயருக்கு முழுச் சுமையில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 65 றாத்தல் வரை காற்று வேண்டும். கார் ரயருக்கு அதில் பாதி போதும். காற்றுக் குறைந்தால் ரயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும், சூடேறும், கடைசியில் வெடிக்கும். வெடிப்பது பெரும்பாலும் நடுப்பகலில், முழுச் சுமையோடு, வேகமாக ஓடும்போதுதான். காலையில் புறப்படுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள்.

வயலுக்குப் போகும் கிரவல் வீதியில் கல்லும் முள்ளும் பக்கச் சுவரைக் குத்தும். அதற்குத் தடித்த நைலோன் ரயர் நன்று. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் காப்பெற் வீதியில் ஓடும் லொறிக்கு, சூடு குறைந்த றேடியல் நன்று. ஒரே அச்சில் ஒன்று நைலோன், ஒன்று றேடியல் என்று கலக்கவே கூடாது. மீள்வார்ப்புச் செய்த ரயரை, அறிந்த இடத்தில் செய்ததானால், பின்னால் போடலாம். முன் சில்லுக்கு வேண்டாம், முன் ரயர் வெடித்தால் ஸ்ரியரிங் கைக்குள் நிற்காது. பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். மேற்பரப்பு அவற்றோடு சமமாகத் தேய்ந்தால் அந்த ரயரின் காலம் முடிந்துவிட்டது.

“இதெல்லாம் சரி பாதர், பணத்துக்கு எங்கே போவது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக ஒரு கணக்கைச் சொல்கிறோம். நல்ல ரயர் 40,000 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய்வர 800 கிலோமீற்றர். எனவே ஒரு தொகுதி ரயருக்கு 50 பயணங்கள். நான்கு ரயர்களின் விலையை 50 ஆல் பிரியுங்கள். அந்தத் தொகை ஒவ்வொரு பயணத்தின் செலவிலும் சேர வேண்டியது. டீசலுக்குக் கொடுப்பது போல அதையும் எடுத்து வங்கியில் இட வேண்டும். அதை எடுக்காமல் பங்கிட்ட இலாபம் இலாபமே அல்ல. அது ரயரின் தேய்மானத்தை எடுத்துச் சாப்பிட்டது.

உதவி நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. திறப்பைக் கையளிக்கும் படம் ஒரு நாளுக்குரியது. ரயர் தேய்வது அதற்குப் பிந்திய நாட்களில். பராமரிப்பு நிதிக்கு வழி செய்யாமல் வாகனத்தை மட்டும் கொடுப்பது, கிணறு வெட்டித் தந்து கயிறு தராமல் போவது போன்றது. வாகனம் தருவோர் முதல் தொகுதி ரயர் மாற்றத்துக்கான பணத்தையும், அதைச் சேமிக்கும் பழக்கத்தையும் சேர்த்துத் தர வேண்டும் என்பது எமது கருத்து.

1876இல் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் இறப்பர் கன்றுகள் நடப்பட்டன. இன்று இலங்கையில் செய்யப்படும் ரயர்கள் உலகச் சந்தைக்குப் போகின்றன. அப்படியிருக்க, உணவு விளைவிப்பவர் மட்டும் ஏன் பிறர் கழித்துவிட்ட ரயரில் ஓட வேண்டும்? “எங்களுக்கு இது போதும்” என்று சொல்லிச் சொல்லியே முகாமில் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் லொறியின் சில்லிலும் ஏறிவிட்டது.

எனவே, ரயர் வாங்குவதைச் சாரதியின் தலையிலோ கடைக்காரரின் வாயிலோ, எம்மைப் போன்றவர்களின் கையொப்பத்திலோ விட்டுவிடாதீர்கள். குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள். அளவு, சுமைச் சுட்டெண், செய்த வாரம் ஆகிய மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு இருவராகக் கொழும்புக்கு வாருங்கள். நான்கும் நல்லதாக வாங்க முடியாவிட்டால், இந்த முறை ஓர் அச்சுக்கு இரண்டு நல்லதை வாங்குங்கள். மற்ற இரண்டும் வாங்கும் வரை சுமையைக் குறைத்து ஏற்றுங்கள். சாக்குகளின் மேல் யாரையும் ஏற்றாதீர்கள்.

எமது குழுவின் சாரதி குணமடைந்து மீண்டும் லொறி ஓட்டுகிறார். ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் ரயர்க் கணக்குக்குரிய பணத்தை அவரே முதலில் எண்ணி வைக்கிறார். உங்கள் குழுவில் அதை எண்ணி வைப்பது யார்?