"காய்ச்சல் இல்லையே, வயிறுதானே!"



கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தாலும் வாசித்து முடித்துவிட்டுக் கோபியுங்கள்.

பிள்ளை விடியற்காலையில் இரண்டு தரம் சத்தி எடுத்திருக்கும். இலேசான இருமலும் இருக்கும். ஆனாலும் உடுப்பைப் போட்டு பாடசாலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். நாங்கள் ஆசிரியர்கள் கேட்டால் ஒரே பதில்: "காய்ச்சல் இல்லையே சேர், வயிறுதானே. ராத்திரி கொத்து சாப்பிட்டது." ஊரில் எந்த வயிற்றோட்டத்துக்கும் கொத்துக்கடைதான் குற்றவாளி! பெரியவர்களும் அப்படித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டே வலீமாவுக்குப் போய் சஹனைச் சுற்றி ஐந்தாறு பேரோடு தோள் உரச உட்காருகிறார்கள்.

சுவாச நோய் என்றால் மூக்கும் நெஞ்சும் மட்டும்தான் என்று யார் சொன்னது?

2020 ஜனவரியில் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் அந்த நாட்டின் முதல் கொவிட் நோயாளி கண்டறியப்பட்டார். இருமலோடு, இரண்டு நாளாகக் குமட்டலும் சத்தியும் இருந்ததாக அவர் சொன்னார். ஆஸ்பத்திரியில் வயிற்றோட்டமும் வந்தது. மலத்தைப் பரிசோதித்தபோது அதிலும் வைரஸின் தடயம் இருந்தது. காரணம் எளிது. அந்த வைரஸ் நம் உடலின் செல்லுக்குள் நுழையும் வாசலுக்கு ஏ.சி.ஈ.2 என்று பெயர். அந்த வாசல் நுரையீரலில் மட்டுமல்ல, சிறுகுடலிலும் நிறையவே இருக்கிறது. சிலருக்குப் பசியின்மையும் வயிற்றோட்டமும்தான் முதலில் தெரியும், இருமல் பிறகுதான் வரும். இன்ஃபுளுவென்சா காய்ச்சலிலும் சத்தி, வயிற்றோட்டம் வருவதுண்டு. அது பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கே அதிகம்.

"இல்லை, இது சாப்பாட்டுக் கோளாறுதான்" என்பீர்கள். சரி, இருக்கட்டும். வயிற்றுக் கிருமி கையால் பரவும். சுவாச வைரஸ் மூச்சாலும் இருமலாலும் பரவும். இரண்டில் எதுவானாலும் அந்த ஆளுக்கு சஹனிலோ வகுப்பறையிலோ இடமுண்டா? நோயின் பெயரை டாக்டர் சொல்லட்டும். வீட்டில் இருப்பதற்கு பெயர் தெரிய வேண்டியதில்லை.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்றொரு வாதமும் வரும். பச்சை வெள்ளைப்பூடு சாப்பிட்டவரை, அந்த வாடையோடு பள்ளிக்கு வரவேண்டாம் என்று தடுத்த மார்க்கம் நம்முடையது. வாடைக்கே அந்தக் கட்டளை என்றால், பக்கத்து ஸஃப்பில் நிற்கும் வயோதிபரைப் படுக்கையில் தள்ளக்கூடிய கிருமிக்கு என்ன சட்டம்? தவக்குல் வைப்பது நமக்காக. அடுத்தவரின் உயிரை வைத்து தவக்குல் வைக்க நமக்கு உரிமையில்லை.

இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாங்கள் சொல்கிறோம். அது பயம். 2020இல் நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது 2021 பெப்ரவரியில்தான். அந்த நாட்களில் நம்மவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவே அஞ்சியதில் நியாயம் இருந்தது. 2024இல் அமைச்சரவையே மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. அந்தக் காயம் ஆறவில்லை, மறக்கவும் வேண்டாம். ஆனால் எரிப்பு நின்ற பிறகும் நோயை மறைக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஏன் நிற்கவில்லை? அநியாயம் செய்தவர்களுக்கு இந்தப் பழக்கத்தால் ஒரு நட்டமும் இல்லை. நட்டப்படுவது நம் வீட்டு மூத்தவர்களும் நம் பிள்ளைகளும்தான்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. சத்தியோ வயிற்றோட்டமோ இருந்தால் பிள்ளையை வீட்டில் வையுங்கள். பாடம் பிந்தினால் நாங்கள் படித்துக் கொடுக்கிறோம். ஜீவனியைப் பொதியில் எழுதியுள்ள அளவுப்படி கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாமசியில் கேட்டு வாங்கும் அன்டிபயோட்டிக் வைரஸைக் கொல்லாது, வயிற்றோட்டத்தைக் கூட்டவும் கூடும். காய்ச்சலோடு விடாத சத்தியும் வயிற்றுவலியும் இருந்தால் டெங்குவாகவும் இருக்கலாம். தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர் குறைந்தாலும், பிள்ளை சோர்ந்து கிடந்தாலும், மூச்சு வாங்கினாலும் உடனே ஆஸ்பத்திரி.

வலீமா வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். "எனக்குச் சுகமில்லை, வரவில்லை" என்று ஒருவர் சொன்னால் மனஸ்தாபப்படாதீர்கள். அவர் உங்கள் விருந்தாளிகளுக்கு நன்மையே செய்திருக்கிறார்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.