மூக்கில் முடி இல்லாத கார்

உங்கள் காருக்குப் பதினைந்து வயது தாண்டிவிட்டதா? அப்படியானால் அதற்கு மூக்கு இருக்கும். மூக்கில் முடி இருக்காது. சிரிக்காதீர்கள் ஸார், விஷயம் கொஞ்சம் சீரியஸ்.

என்ஜின் இழுக்கிற காற்றுக்கு அம்பாஸடர் காலத்திலிருந்தே ஏர் ஃபில்டர் உண்டு. சர்வீஸுக்கு விட்டால் மெக்கானிக் அதைக் கழற்றி, தரையில் இரண்டு தட்டு தட்டி, "பாத்தீங்களா ஸார், எவ்ளோ தூசி!" என்று ஒரு சாகசம் போலக் காட்டிவிட்டு பில்லில் சேர்ப்பார். சரி, வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற நாம் இழுக்கிற காற்றுக்கு? பழைய சின்னக் கார்கள் பலவற்றில் ஒன்றுமே கிடையாது. காரணம் ரொம்ப சிம்பிள். கம்பெனி வாரண்டி கொடுத்தது என்ஜினுக்கு. நமக்கு யாரும் வாரண்டி கொடுக்கவில்லை.

முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் படுத்திருக்கும் இடத்தில், சல்லடை போல ஒரு கறுப்பு பிளாஸ்டிக் இருக்கிறதல்லவா? வேப்பிலையும் போகன்வில்லா பூவும் சிக்கிக்கொண்டிருக்குமே, அதுதான் காரின் மூக்கு. காற்று அதன் வழியே நுழைந்து, ப்ளோயரில் சுழன்று, கூலிங் காயிலில் குளிர்ந்து, டாஷ்போர்டின் ஜன்னல்கள் வழியாக நம் முகத்தில் அடிக்கிறது. வழியில் ஒரு மடித்த காகித அட்டை போலக் குறுக்கே நிற்க வேண்டிய சமாசாரத்துக்குப் பெயர் கேபின் ஃபில்டர். கடையில் அப்படிக் கேட்டால் முழிப்பார்கள். 'ஏசி ஃபில்டர்' என்று கேளுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2000-க்குப் பிறகு இங்கே விற்ற பல சின்னக் கார்களில் ஃபில்டருக்கான இடம் இருக்கிறது. க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால், ப்ளோயர் பெட்டியில், அளவெடுத்தாற்போல ஒரு செவ்வகம். வெளிநாட்டுக்கும் உள்நாட்டுக்கும் ஒரே அச்சில் பெட்டியை வார்த்துவிட்டு, நமக்கு மட்டும் ஃபில்டரை மிச்சம் பிடித்து, வாசலை பிளாஸ்டிக்கால் அடைத்து அனுப்பிவிட்டார்கள். அலமாரி கட்டி, தட்டு போடாமல், கதவையும் ஆணி அடித்துக் கொடுத்த மாதிரி.

ஏதோ நேற்று கண்டுபிடித்த நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் நாஷ் கம்பெனி 1938-லேயே வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உள்ளே அனுப்பும் கார் விற்றது. கார் ஏசியே அதற்குப் பின்னால்தான் வந்தது. பேக்கார்டு என்ற கார், 1940 மாடல். அதில் ஏசியை நிறுத்த வேண்டுமானால் என்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, கம்ப்ரஸர் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். குளிருகிறது என்று மனைவி சொன்னால் கணவன் நடுரோட்டில் இறங்கி ஸ்பானர் பிடிக்க வேண்டும். நம் ஊரில் ஏசி கார் பரவலாவதற்குப் பல வருஷம் பிடித்ததன் ரகசியம் இதுவாகக்கூட இருக்கலாம்.

பட்டாபிராம் கதைக்கு வருகிறேன். எங்கள் சி.டி.ஹெச். ரோடு, அதாவது சென்னை - திருவள்ளூர் ஹை ரோடு, ஒரு தனிப் பிறவி. ஆவடிப் பக்கமிருந்து ஒரு ஜல்லி லாரி வரும். அதன் பின்னால் எம்-சாண்ட் லாரி. அதன் மேல் மூடியிருக்க வேண்டிய தார்ப்பாய் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். கொஞ்சம் தள்ளி நெமிலிச்சேரியில் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை குறுக்கிட, அங்கிருந்து வருகிற கன்டெய்னர்கள் வேறு. 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். 330 கோடி ரூபாய். கண்ணாடிக் கட்டடம் பளபளவென்று நிற்கிறது. வாசலில் கார்களின் மேல் விரலால் பெயர் எழுதலாம்.

காற்றில் மிதக்கிற, 2.5 மைக்ரானுக்கும் சின்னத் தூசியைத்தான் நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடியது என்கிறார்கள். நம் தலைமுடி ஐம்பது, அறுபது மைக்ரான் பருமன் என்றால் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதற்கு வருஷ சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் போதும் என்று கோடு கிழித்தது. நம் நாட்டு விதியில் அந்தக் கோடு 40. இந்திய நுரையீரலுக்கு எட்டு மடங்கு தாங்கும் சக்தி இருப்பதாக சர்க்கார் நம்புகிறது. நல்ல நம்பிக்கை.

எங்கள் வீட்டில் ரொம்ப நாளாக ஒரு தீர்ப்பு அமலில் இருந்தது: 'அப்பாவுக்கு ஏசி ஒத்துக்காது'. அப்பாவுக்கு மூச்சிரைப்பு உண்டு, பாக்கெட்டில் இன்ஹேலர். காரில் ஏசி போட்டால் ஐந்து நிமிஷத்தில் இருமல் ஆரம்பிக்கும். ஆகவே மே மாசத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, சி.டி.ஹெச். ரோட்டை முழுசாகச் சுவாசித்தபடி செக்கப்புக்குப் போவோம். டாக்டர் ஒருநாள் கேட்டார்: "ஏசி ஒத்துக்கலையா, ஏசி வழியா வர்ற காத்து ஒத்துக்கலையா? வண்டியில ஃபில்டர் இருக்கா, பாத்தீங்களா?"

பார்த்தோம். இல்லை.

அப்பா ஆவடி டாங்கி ஃபாக்டரியில், அதாவது ஹெச்.வி.எஃப்.பில், ரிடையரானவர். 1961-ல் ஆரம்பித்த ஃபாக்டரி அது. 1965-ல் முதல் விஜயந்தா அங்கே உருண்டு வெளியே வந்தது. அப்புறம் ரஷ்ய டி-72, நம்மவர்கள் வைத்த பெயர் அஜேயா. அப்பாவின் சர்வீஸில் பெரும்பகுதி அதோடுதான். ஃபில்டர் இல்லை என்று நான் சொன்னதும் ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன்டா, டாங்கிக்குள்ள மூணே பேர். அவங்களுக்கு அணுகுண்டுத் தூசி, விஷவாயு வரைக்கும் ஃபில்டர் வச்சுத்தான் கேட்டைத் தாண்டி அனுப்பினோம். உன் கார்ல அஞ்சு பேர் உட்கார்றோம். ஒண்ணுமே இல்லையா?"

அவர் சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த டாங்கியில் வடிகட்டிய காற்றை ஃபேன் வைத்து உள்ளே திணிப்பார்கள். உள்ளே அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இடுக்கு, சந்து எங்கே இருந்தாலும் காற்று வெளியேதான் கசியும். தூசி உள்ளே வர முடியாது. இதே தத்துவம் நம் சின்னக் காருக்கும் சின்ன அளவில் பொருந்தும். எப்படி என்று அப்புறம் சொல்கிறேன்.

மெக்கானிக்கிடம் போனேன்.

"இந்த மாடலுக்கு ஃபில்டரே வராது ஸார்."

"வராதுன்னு தெரியும் பாஸ். வைக்க முடியுமா?"

"வைக்கலாம். வெட்டணும். இன்னா ஸார், நல்லாத்தானே ஓடுது வண்டி?"

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. உள்ளே இருப்பவர்தான் இருமுகிறார்.

பட்டாபிராமில் ட்ரெயின் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் மாடல் பெயரையும் வருஷத்தையும் சொன்னதும் எடுத்துப் போட்டார்கள். சாதா ஃபில்டர் 280 ரூபாய். கரி சேர்த்தது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வாசலை மூட ஒரு பிளாஸ்டிக் மூடியும் வாங்க வேண்டும், மறக்காதீர்கள்.

வேலை அரைமணி நேரம். க்ளவ் பாக்ஸைக் காலி செய்ய அதில் பத்து நிமிஷம் போய்விடும். (எங்களுடையதில் மூன்று வருஷத்துப் பழைய இன்ஷூரன்ஸ், திருப்பதி லட்டு கவர், ஒற்றைக் கம்மல். கம்மல் யாருடையது என்ற விசாரணை தனி.) பல மாடல்களில் பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்பக்கமாக அமுக்கினால் தொபுக்கென்று தொங்கிவிடும். பின்னால் கறுப்புப் பெட்டி தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் கிளிப் போட்ட மூடி; எடுத்தால் வழி ரெடி. இல்லையென்றால் செவ்வகமாக ஒரு பள்ளக் கோடு மட்டும் இருக்கும். அந்தக் கோட்டின் மேலேயே ஆக்ஸா பிளேடால் அறுக்க வேண்டும்.

இங்கேதான் கவனம். பிளாஸ்டிக்குக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் கூலிங் காயில் இருக்கிறது, அப்பளம் மாதிரி அலுமினியத் தகடுகளோடு. அம்பத்தூர் நண்பர் ஒருவர் கத்தியைக் காய்ச்சி வெண்ணெய் வெட்டுவது போல வெட்டினார். நன்றாக வெட்டியது. காயிலையும் சேர்த்து. புஸ்ஸென்று கேஸ் போய், காயிலை மாற்ற டாஷ்போர்டையே இறக்கி, 280 ரூபாய் வேலை ஐந்து இலக்க பில்லாகத் திரும்பி வந்தது. ஆகவே பிளேடு நுனி மட்டும் உள்ளே போகட்டும். அறுத்த தூள் ப்ளோயருக்குள் விழுந்தால் அப்புறம் ஒவ்வொரு முறையும் 'கிர்ர்' என்று ஞாபகப்படுத்தும். வாக்குவம் க்ளீனரால் உறிஞ்சிவிடுங்கள். ஃபில்டர் விளிம்பில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது காற்று போகிற திசை, பெரும்பாலும் கீழ்நோக்கி. தலைகீழாகச் செருகினாலும் நுழைந்துவிடும் என்பதுதான் சங்கடம்.

எங்கள் வண்டியில் வாசலைத் திறந்து டார்ச் அடித்ததும் மெக்கானிக்கே ஒரு நிமிஷம் பேசவில்லை. காயில் எப்போதும் ஈரமாக இருக்கும் வஸ்து. ஈரத்தின் மேல் இத்தனை வருஷத் தூசி படிந்து, சேறாகி, காய்ந்து, மறுபடி நனைந்து, கம்பளி போர்த்திய மாதிரி இருந்தது. ஏசி போட்டதும் வரும் அந்த நனைந்த கோணி வாசனை இதுதான். இதை மறைக்கத்தான் ஊரே டாஷ்போர்டில் பெர்ஃப்யூம் பாட்டில் ஒட்டி வைத்திருக்கிறது. முதலில் காயிலைக் க்ளீன் செய்துவிட்டு அப்புறம் ஃபில்டர் போடுங்கள். சாக்கடைக்கு மூடி போட்டால் அது குடிநீர்த் தொட்டி ஆகிவிடாது.

ஃபில்டர் என்றதும் டீ வடிகட்டி நினைவுக்கு வரும். இது அந்த ரகம் இல்லை. பெரிய தூசி லாரி மாதிரி. வளைவில் திரும்ப முடியாமல் நாரில் நேரே போய் மோதும். மிகமிகச் சின்னது குடித்தவன் நடை. காற்று மூலக்கூறுகள் இடிக்க இடிக்கத் தள்ளாடி ஏதாவது ஒரு நாரில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில், சுமார் 0.3 மைக்ரான் அளவில் இருப்பதுதான் அதிகம் தப்பிக்கிறது. உலகத்தில் நடுத்தரம் தப்பிக்கிற ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன். நல்ல ஃபில்டர்களில் நாருக்கு மின்னேற்றம் வேறு கொடுத்திருப்பார்கள், தூசியை இழுக்க. அதனால்தான் குழாயடியில் கழுவிக் கொடியில் காயப்போடக் கூடாது. பஞ்சர் கடையில் காற்றடித்தால் மேல் தூசி போகும், காகிதமும் கிழியும். மாற்றிவிடுவதே உத்தமம்.

இதெல்லாம் செய்யாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கார்பன் மோனாக்ஸைடு என்கிற புகை விஷத்தை இந்த ஃபில்டர் தடுக்காது, கரி போட்டதும் தடுக்காது. ஃபில்டர் இருக்கிறதே என்று மூடின ஷெட்டில் என்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்குகிற யோசனை வேண்டவே வேண்டாம்.

டாங்கி தத்துவத்துக்கு வருகிறேன். தூசி என்றதும் எல்லோரும் அந்த வளைந்த அம்புக்குறி பட்டனை, உள்காற்றையே சுழற்றுவதை, அமுக்கிவிடுகிறோம். ஜல்லி லாரிக்குப் பின்னால் மாட்டினால் சரிதான். ஆனால் அதையே அரக்கோணம் வரை வைத்திருந்தால், நாலு பேர் விட்ட மூச்சு உள்ளேயே சேர்ந்து, திருவள்ளூர் வருவதற்குள் டிரைவருக்குக் கொட்டாவி. தவிர, கதவு இடுக்கு வழியே தூசி நுழைவதும் நிற்பதில்லை. ஃபில்டர் இருக்கிற வண்டியில் தைரியமாக வெளிக்காற்றைத் திறக்கலாம். வடிகட்டிய காற்று உள்ளே வந்து நிறைந்து, இடுக்குகள் வழியே வெளியேறும். அப்பாவின் அஜேயா, நாலு சக்கரத்தில்.

மூக்கில் வாசலே வைக்காத ரொம்பப் பழைய வண்டிகளும் உண்டு. சிலர் வைப்பருக்குக் கீழே ஸ்பாஞ்ச் அடைக்கிறார்கள். முதல் மழையில் அது தண்ணீர் குடித்து நிற்கும். அதற்கு அந்தச் சுழற்சி பட்டனே மேல், நடுநடுவே திறந்துவிட்டுக்கொண்டு.

ஃபில்டர் போட்டதும் அப்பாவின் மூச்சிரைப்பு பறந்துவிட்டது என்று நான் எழுதினால் நீங்கள் நம்பக் கூடாது. இன்ஹேலர் பாக்கெட்டிலேயே இருக்கிறது. ஆனால் போன ஏப்ரலில் ஏசி போட்டுக்கொண்டு, கண்ணாடி ஏற்றி, கீழ்ப்பாக்கம் வரை இருமாமல் வந்தார். வழியெல்லாம் பேசினார். பாதி விஜயந்தா, பாதி போனஸ் தகராறு.

ஃபில்டரை வருஷத்துக்கொரு முறை, அல்லது பத்தாயிரம் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது வழக்கம். நான் ஆறாவது மாசமே உருவினேன். வெள்ளையாகப் போனது தார் ரோடு நிறத்தில் வந்தது. மடிப்புகளில் மூன்று வேப்பிலை, ஒரு கொசு, ஒரு பட்டாம்பூச்சி இறக்கை. அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டயரில் தட்டப் போனார், தடுத்துவிட்டேன்.

அதை அப்படியே நியூஸ்பேப்பரில் சுற்றி ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கே எடுத்துக்கொண்டு போனேன், அளவு காட்ட. கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தினி வருஷம் ஸார் ஆச்சு, மாத்தி?"

"ஆறு மாசம்."

"வண்டி எங்க ஓடுது?"

"பட்டாபிராம்."

"அப்போ ரெண்டா வாங்கிட்டுப் போங்க."