சந்திரா தொலைகாட்டியும் நம் கடமையும்

பெருமை இருவகைப்படும். பிறர் முயன்று பெற்றதை நமதென்று சொல்லி மகிழ்வது ஒன்று. நாமும் முயன்று அதற்கு உரியராவது மற்றொன்று. முன்னையது எளிது, பின்னையது அரிது. வானாராய்ச்சியைப் பற்றிப் பேசும்பொழுது தமிழ் மக்களாகிய நாம் முன்னைய பெருமையோடு நின்றுவிடுகின்றோம் என்பது எமது கருத்து. விழா மலரிலே குறை கூறுதல் மரபன்றெனினும், பழைய மாணவர் பலரும் ஒருங்கு கூடும் இவ்வேளையிலும் ஏற்ற வேளை இதனைச் சொல்லுதற்கு வேறு வாயாது.

1999ஆம் ஆண்டு யூலை மாதம் 23ஆந் திகதி, ‘கொலம்பியா’ என்னும் அமெரிக்க விண்ணோடம் ஒரு தொலைகாட்டியைச் சுமந்துகொண்டு வானிற் கிளம்பிற்று. ‘சந்திரா’ என்பது அத்தொலைகாட்டியின் பெயர். தமிழ்க் குடியிற் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் என்னும் அறிஞரின் நினைவாக இடப்பட்டது அது. அவர் 1910இல் லாகூரிற் பிறந்தவர். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். அவருடைய அன்னையார், இப்சன் என்னும் நோர்வே நாட்டு நாடகாசிரியரின் நாடகமொன்றைத் தமிழிற் பெயர்த்தவர். நம் மாணவர் இவற்றை மேடையிலே தடையின்றி ஒப்புவிப்பர். ஆயின், சந்திரசேகர் கண்டது யாது என வினவினால் விடை கூறுவார் மிகச் சிலரே.

1930ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதிலே, மேற்படிப்பின் பொருட்டுப் பம்பாயிற் கப்பலேறிய அவ்விளைஞர் அப்பயணத்தின்போதே ஒரு கணக்கைச் செய்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் யாதாகும் என்பதே வினா. தன் ஈர்ப்பினாலே தானே சுருங்கும் அதனை, உள்ளே நெருக்குண்ட இலத்திரன்களின் அமுக்கம் ஒரு நிலையில் தாங்கிக்கொள்ளும். அப்பொழுது அது பூமியளவினதாய், மிக்க அடர்த்தியுடைய வெண்குறுமீனாகி ஓயும். இதுவரை முன்னோர் சொன்னது. நெருக்கம் மிகுந்து இலத்திரன்கள் ஒளியின் வேகத்தை அணுகுமாயின், ஐன்ஸ்ரைனின் சார்புக் கொள்கையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டுமன்றோ? சந்திரசேகர் சேர்த்தார். சேர்த்தபொழுது, அத்தாங்குதலுக்கு ஓர் எல்லை உண்டென்பது புலனாயிற்று. சூரியனின் திணிவைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கே அவ்வெல்லையென இன்று கொள்ளப்படுகின்றது. அதனைக் கடந்த விண்மீன் வெண்குறுமீனாய் ஓய்ந்திருத்தல் இயலாது. நியூத்திரன் விண்மீனுக்கும் கருந்துளைக்கும் வழிகாட்டிய கணக்கு இதுவே.

1935ஆம் ஆண்டு சனவரி 11ஆந் திகதி, இலண்டன் அரச வானியற் கழகத்திலே அவர் தம் முடிபை எடுத்துரைத்தார். அடுத்துப் பேசிய எடிங்டன், அக்காலத்து வானூலாருள் தலைசிறந்தவர். அவர் அம்முடிபை எள்ளி மறுத்தார். விண்மீன் அங்ஙனம் நடந்துகொள்ள இயற்கை இடங்கொடாது என்பது அவர் துணிபு. சந்திரசேகரோ தம் கணக்கைக் கைவிடவில்லை. 1939இல் அதனை நூலில் அமைத்துவிட்டு வேறு ஆராய்ச்சியிற் புகுந்தார். 1983இல் நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது. குலத்தினும் பிறப்பினும் நாம் போற்றத்தக்கவை அவருடைய கணக்கும் அதனைக் காத்த உறுதியுமேயாம்.

இனி, தொலைகாட்டியை வானுக்கு அனுப்பியது ஏன் என்பதையும் அறிதல் வேண்டும். கண்டியில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஹந்தானை மலையை மஞ்சு மூடினால் விண்மீன் ஒன்றும் தெரியாது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியைப் பொறுத்தவரை மஞ்சு விலகும் வரையிற் காத்திருந்தாற் போதும். எக்ஸ் கதிர்களைப் பொறுத்தவரையோ, தெளிந்த காற்றே என்றும் விலகாத மஞ்சாகும். வைத்தியசாலையில் எலும்பு முறிவைக் காட்டும் அதே இனக் கதிர்களைக் கோடிக்கணக்கான பாகை வெப்பமுடைய வாயுக்களும், கருந்துளையை நோக்கி விழும் பொருள்களும் வெளியிடுகின்றன. அவற்றை வளிமண்டலம் விழுங்கிவிடுகின்றது. ஆதலின் அதற்கு மேலே சென்றாலன்றி அவற்றைக் காணல் இயலாது. ‘சந்திரா’ பூமியை நீள்வட்டப் பாதையில் ஏறக்குறைய 64 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுற்றி வருவது; மிகத் தொலைவிற் செல்லும்பொழுது சந்திரனுக்குள்ள தூரத்தில் மூன்றிலொரு பங்களவை எட்டுவது. அதன் ஆடிகளும் புதுமையானவை. நேரே மோதும் எக்ஸ் கதிர் ஆடியிலே தெறியாது. சாய்ந்து உரசிச் செல்வதே தெறிக்கும். மகாவலியின் நீர்ப்பரப்பிலே சிறுவர் தட்டைக் கல்லைச் சாய்த்தெறிய, அது தத்திச் செல்வதைப் போன்றது இது. ஆகவே, குழாய் வடிவான நான்கு சோடி ஆடிகள் ஒன்றனுள் ஒன்றாக அதில் அமைக்கப்பட்டுள்ளன.

அத்தொலைகாட்டி கண்டவற்றுள் இரண்டினை மட்டும் கூறுவாம். மாசி மாதத்து மாலையிலே நம் தலைக்கு மேலாக ஒளிரும் சீரியசு என்னும் விண்மீனுக்கு ஒரு துணைமீன் உண்டு. அது ஒரு வெண்குறுமீன். சாதாரண ஒளியிற் சீரியசு அதனிலும் ஏறக்குறைய பதினாயிரம் மடங்கு பிரகாசமானது. எக்ஸ் கதிரிலோ துணைமீனே பிரகாசமாய் இருத்தலைச் ‘சந்திரா’ படம்பிடித்துக் காட்டிற்று. எவ்வினத்து விண்மீனைப் பற்றிச் சந்திரசேகர் கணக்கிட்டாரோ, அவ்வினத்தில் ஒன்றே அவர் பெயர் பூண்ட கருவிக்கு முன் ஒளிர்ந்தது. மற்றையது, 2023இல் வெளிவந்தது. ‘யேம்ஸ் வெப்’ என்னும் தொலைகாட்டியும் ‘சந்திரா’வும் சேர்ந்து, ஏறக்குறைய 1320 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பேரடையொன்றிலே பெருங் கருந்துளை ஒன்றினைக் கண்டன. அகிலம் பிறந்து 47 கோடி ஆண்டளவில் அது இருந்த நிலையை அவ்வொளி நமக்குக் காட்டிற்று. இத்தகைய பேரடைகள் இருக்கலாம் என்று 2017இலேயே கணித்துரைத்த குழுவினர்க்குத் தலைவியார், கோயம்புத்தூரிற் பிறந்த பிரியம்வதா நடராசன் அவர்கள். அங்கும் கணக்கு முந்தியது, காட்சி பிந்தியது.

தமிழாசிரியர்க்கு வானூலில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். வேலை உண்டு. ‘கருந்துளை’ என்ற சொல்லை அறிந்த மாணவன், வானிலே ஒரு பொத்தல் இருப்பதாக எண்ணிக்கொள்கின்றான். அது வெறுமையன்று, ஒளியும் தப்பவியலாவாறு பொருள் செறிந்த இடமாகும். சொல்லைக் கொடுத்துப் பொருளைக் கொடாது விடுவது மொழிக்குச் செய்யும் தொண்டாகாது. சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்பித்த பின்னரே தமிழ்ப் பேராசிரியராயினார். கலைச்சொல்லாக்கப் பணியிலும் தலைநின்றார். அவ்வழி நம் கல்லூரிகட்குப் புதியதன்று.

‘இவையெல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே’ என்பாரும் உளர். திருவாசகத்துத் திருவண்டப்பகுதியை ஓதும் நாம், அண்டங்களின் பெருமையை எண்ணி உருகும் மரபினரே. ஆயினும் உருகுதல் வேறு, அளத்தல் வேறு. முன்னோர்மேற் கருந்துளையை ஏற்றிச் சொல்வது அவர்கட்கு உயர்வு தாராது. மாணவனையோ கணக்கிலிருந்து விலக்கிவிடும்.

‘லயத்திலே வாழும் பிள்ளைக்கு விண்மீன் எதற்கு? பரீட்சைக்கு வாராதது எதற்கு?’ என்பதே வலிய தடை. பல தோட்டப் பாடசாலைகளில் உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் இன்றும் இல்லை என்பதை நாம் மறுக்கவில்லை. அதனாலேயே இதனை வற்புறுத்துகின்றோம். கப்பலிலே சந்திரசேகரிடம் தொலைகாட்டி இருக்கவில்லை, கணிதம் இருந்தது. நம் பிள்ளைக்கு இல்லாதது வானமன்று, கணிதமே. தொலைகாட்டிக்குப் ‘சந்திரா’ என்ற பெயரை 1998இல் நடந்த போட்டியிலே முன்மொழிந்து வென்றவர், அமெரிக்கப் பாடசாலை மாணவர் ஒருவரும் பாடசாலை ஆசிரியை ஒருவருமாவர். அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் பெயர் அனுப்பினராம். நம்மவரின் அருமையைப் பிறர் பிள்ளைகள் கற்றறிந்து சொன்னார்கள் என்பது நாம் நினைந்து பார்க்கத்தக்கது.

ஆகவே பழைய மாணவர்க்கு எமது விண்ணப்பம் இதுவாகும். பெயர்க்கல் பதித்த மற்றொரு கட்டடத்தை இம்முறை எண்ணவேண்டா. தை முதற் பங்குனி வரை, வானம் தெளிந்த காலத்தில், மாதம் ஒரு மாலை வானோக்கு வகுப்பு நடத்துவோம். கண்டி ஏழாம் பாகை வட அகலக்கோட்டை அண்டியுள்ளது. துருவமீன் மலைக்குப் பின்னே மறையினும், தென்சிலுவையும் வடவானத்து மீன்களும் ஆகிய இரண்டினையும் காணும் பேறு நமக்குண்டு. ஆறங்குலத் தொலைகாட்டி ஒன்று, சனியின் வளையத்தையும் வியாழனின் நான்கு சந்திரன்களையும் காட்டப் போதும். ‘சந்திரா’ எடுத்த படங்களும் அளவைகளும், குறித்த தவணை கழிந்தபின் எவரும் விலையின்றிப் பெறக்கூடியன. கல்லூரியின் கணினியறையை அதற்குத் திறந்துவிடலாம். பேராதனையிலே கற்றுத் தேர்ந்த நம் பழைய மாணவர், அவற்றின் கணக்கைத் தமிழிலே எடுத்து விளக்கலாம். எல்லாவற்றிலும் முதன்மையாக, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பகுதித் தோட்டப் பாடசாலை மாணவர்க்கும் அவ்வகுப்பில் இடமும் போக்குவரத்துச் செலவும் அளித்தல் வேண்டும்.

இவ்வகுப்பிலிருந்து நோபெல் பரிசாளர் தோன்றுவர் என்று நாம் ஆசை காட்டவில்லை. பெரியோர் ஒருவர் மறுத்தபோதும், தான் செய்த கணக்கு சரியாயின் அதனைக் கைவிடாத பிள்ளைகள் சிலர் தோன்றினாற் போதும். அத்தகையோர் வானூலுக்கே அன்றி வைத்தியத்துக்கும் வணிகத்துக்கும் ஊராட்சிக்கும் வேண்டப்படுவர். பழைய மாணவர் இதனை மனங்கொள்வாராக. கல்லூரி நீடு வாழ்க.