மேம்படுத்தலுக்கும் ஒரு பாயிரம் வேண்டும்

நூலுக்குள் நுழையுமுன் அதன் பாயிரத்தைக் கற்க வேண்டும் என்பது நம் மரபு. சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டியவையாக நன்னூல் வகுக்கும் செய்திகளில் எல்லை, கேட்போர், பயன் ஆகிய மூன்றும் உண்டு. நூல் எவ்வளவு தூரம் செல்லும், யாருக்கு உரியது, கற்றால் என்ன கிட்டும் என்பவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடும் ஏற்பாடு அது. திறமூல இயங்குதளங்களின் மேம்படுத்தல் ஆவணங்களுக்கும் இம்மூன்றும் இன்றியமையாதவை என்பதே நம் கருத்து.

இலக்கிய அன்பர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் வினவலாம். நாம் தட்டச்சிட்ட கட்டுரைகளும், மாணவர்தம் ஆய்வேடுகளும், வருடி எடுத்த பழைய சிற்றிதழ்களும் ஏதோ ஓர் இயங்குதளத்தை நம்பித்தான் இருக்கின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபின், பழைய கணினியைக் கைவிட மனமில்லாதோர்க்கு லினக்ஸ் ஒரு புகலிடம். நிறுவித் தருவதற்கு நண்பர் ஒருவர் கிடைத்துவிடுவார். அடுத்த பதிப்பு வரும் நாளில் அவர் அருகிருப்பார் என்பதற்கு உறுதியில்லை. புதிதாக நிறுவும்போது வன்தட்டு பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். தவறினால் மீண்டும் தொடங்கலாம். மேம்படுத்தும்போதோ அதில் ஆண்டுக்கணக்கான உழைப்பு கிடக்கிறது. அப்போது துணை நிற்பது ஆவணம் ஒன்றே.

நல்ல ஆவணம் எப்படி இருக்கும் என்பதற்கு டெபியனின் வெளியீட்டுக் குறிப்புகள் சான்று. 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பில், வன்பொருள்களுக்கு வேண்டிய கட்டற்றவை அல்லாத ஃபர்ம்வேர்கள் தனிப் பிரிவாக்கப்பட்டன. மென்பொருள் களஞ்சியங்களைக் குறிக்கும் கோப்பில் அப்பிரிவின் பெயரைச் சேர்க்காவிடில் அவற்றின் திருத்தங்கள் வந்து சேரா. சேர்க்க வேண்டியது ஒரே சொல்தான். ஆனால் அதை யாரேனும் சொல்ல வேண்டுமல்லவா? குறிப்பு சொல்லிற்று. 2025 ஆகஸ்டில் வெளியான 13ஆம் பதிப்பில் 32 பிட் ஐ386 வகைக்கு உரிய கருநிரலும் நிறுவியும் நிறுத்தப்பட்டன. அவ்வகை அமைப்பை வைத்திருப்போர் இப்பதிப்புக்கு மேம்படுத்த வேண்டா என்று குறிப்பு நேரடியாகத் தடுக்கிறது. செயலி 64 பிட் எனில் புதிதாக நிறுவிக்கொள்ளவும் வழி சொல்கிறது. 11இலிருந்து 13க்குத் தாவ இயலாது, 12ஐக் கடந்தே வர வேண்டும் என்பதும் அதன் விதி. நூலின் எல்லையைச் சொல்வது என்பது இதுதான்.

ஓபன்பிஎஸ்டி ஏறத்தாழ ஆறு திங்களுக்கு ஒரு பதிப்பை வெளியிடுவது. ஒவ்வொன்றுக்கும் தனி மேம்படுத்தல் வழிகாட்டி உண்டு. ஆவணத்தில் உள்ள பிழையையும் நிரலில் உள்ள பிழைபோலவே கருதுவது அக்குழுவின் பண்பாடு. எல்லாத் திட்டங்களும் இவ்வாறு இல்லை. பல ஆவணங்களில் நன்னூலார் சுட்டிய நூற்குற்றங்களை வரிசையாகக் காணலாம். நகல் எடுத்துக்கொள்க என்பார்கள். எவற்றை எடுப்பது என்று சொல்லார்கள்: குன்றக் கூறல். மூன்று பதிப்புகளுக்கு முந்தைய கட்டளையும் இன்றைய கட்டளையும் ஒரே பக்கத்தில் அருகருகே நிற்கும்: மாறுகொளக் கூறல். கட்டளையை முதலிலும், அதனால் விளையும் கேட்டைப் பத்துப் பத்தி தள்ளியும் எழுதுவார்கள்: மயங்க வைத்தல். கணினி அறிஞர் இக்குறைகளைத் தாமே நிரப்பிக்கொள்வார். கேட்போர் அவர் மட்டும் அல்லரே!

ஊதியமின்றி உழைப்போரிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்பது நியாயமான கேள்வி. நிரல் எழுதியவரே ஆவணமும் எழுத வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. ஆனால் பயனருக்கு இடையூறு தரும் ஒரு மாற்றத்தைச் செய்பவர், அதைப் பற்றி நான்கு வரி குறித்துவைத்தல் கடமை. அவ்வரிகளைத் தெளிவாக்கும் பணியைப் பிறர் ஏற்கலாம். கட்டற்ற மென்பொருளுக்குக் கட்டற்ற ஆவணமும் வேண்டும் என ரிச்சர்டு ஸ்டால்மன் முன்னரே வாதிட்டுள்ளார். திருத்தவும் பகிரவும் உரிமை தந்துவிட்டு, அடுத்த பதிப்புக்குச் செல்லும் வழியைச் சொல்லாமல் விட்டால், அவ்வுரிமை வல்லுநர்க்கு மட்டுமே உரியதாகிவிடும்.

எந்தப் பதிப்பிலிருந்து வரலாம், எந்தக் கணினியில் கூடாது, எவற்றை நகலெடுப்பது, எவ்வளவு இடம் வேண்டும், எவை நீக்கப்பட்டன, இடையில் நின்றால் மீள்வது எங்ஙனம் என்னும் ஆறு வினாக்களுக்கு முதற்பக்கத்திலேயே விடை இருத்தல் வேண்டும்.

இங்கே தமிழ் கற்றோர்க்கும் இடமுண்டு. கட்டளைப் பட்டிகளையும் பொத்தான்களையும் தமிழாக்கிய தன்னார்வலர்தம் உழைப்பு போற்றத்தக்கது. எச்சரிக்கைகளைத் தமிழாக்குவது அதனினும் அவசரமான பணி. பொத்தானின் பெயர் விளங்காவிடில் வேலை தாமதமாகும், எச்சரிக்கை விளங்காவிடில் கோப்புகள் அழியும். உரை எழுதுவதிலும் ஐயம் எழும் இடங்களைக் கண்டறிவதிலும் பயின்ற நம் முதுகலை மாணவர்கள், ஓர் ஆவணத்தை வரிவரியாகப் படித்து, எங்கே பொருள் மயங்குகிறது என்று எழுதி அனுப்பினாலே அது அத்திட்டத்திற்குப் பெரும் கொடை. அதற்கு நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.