நீடித்து உழைக்குமா?

1969இல் சந்திரனுக்குச் சென்ற அப்போலோ 11 கலத்திற்கு மின்சாரம் அளித்தவை கார எரிபொருள் மின்கலங்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி மின்சாரம் பிறந்தது. உடன் உண்டான நீரை வீரர்கள் பருகினர். அத்தகைய கலம் பூமியில் ஏன் பரவவில்லை? விடை நம் ஆய்வுக்கூட அலமாரியிலேயே இருக்கிறது. சரியாக மூடாத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் சில நாளில் நம் தரம்பார்த்தலைக் கெடுத்துவிடுகிறதல்லவா? காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதைக் கார்பனேட்டாக்குகிறது. கலத்திலும் அதே கதைதான்; கார்பனேட்டு உப்பு மின்முனையின் நுண்துளைகளை அடைத்துவிடும். அப்போலோவில் இருந்ததோ தூய ஆக்சிஜன்.

ஆகவே, கரைசலுக்குப் பதிலாக ஹைட்ராக்சைடு அயனியைக் கடத்தும் பிளாஸ்டிக் சவ்வை இரு மின்முனைகளுக்கிடையே வைத்து அழுத்தும் முறை வந்தது. அமிலச் சவ்வுக் கலங்களுக்கு வேண்டிய பிளாட்டினம் இங்கே கட்டாயமில்லை. நிக்கலும் வெள்ளியும் வினையூக்கிகளாக உதவக்கூடும். ஏழை நாட்டுக்கு ஏற்ற கலம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

ஆனால் அச்சவ்வு விரைவில் நலிந்துவிடுகிறது. பகைவன் வெளியில் இல்லை. சவ்வில் பிணைந்துள்ள நான்கிணைய அம்மோனியம் தொகுதிகளை, அது கடத்தும் ஹைட்ராக்சைடு அயனியே தாக்குகிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோமே ஹாஃப்மன் நீக்கல் வினை, அதுவும் அத்தாக்குதல்களில் ஒன்று! ஆக்சிஜன் செல்லும் மின்முனையில் நீர் செலவாகிறது. அங்கே சவ்வு உலர்ந்தால், நீர்ச்சூழல் இழந்த ஹைட்ராக்சைடு மேலும் மூர்க்கமாகிறது.

2019இல் அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகத்தார், ஈதர் பிணைப்பே இல்லாத பிப்பெரிடினியச் சவ்வு ஒன்றை வெளியிட்டனர். கார்பன் டை ஆக்சைடு நீக்கிய காற்றில் அக்கலம் 300 மணி நேரம் நிலையாக ஓடியது. பாராட்டத்தக்க சாதனைதான். எனினும் 300 மணி என்பது பன்னிரண்டரை நாள். கட்டுரைகளின் முகப்பில் நிற்பதோ பெரும்பாலும் உச்சத் திறன். என் தந்தை பள்ளி சென்றறியாதவர், மோட்டார் வாங்கப் போனால் அவர் முதலில் கேட்பது, "எத்தனை வருஷம் தாங்கும்?" என்பதே. ஆய்வாளர்களிடமும் அக்கேள்வியே முதலில் கேட்கப்பட வேண்டும்.

நாமும் இதில் கைவைக்கலாம். சவ்வுத் துண்டை 80 பாகை செல்சியசில் 1 மோலார் காரக் கரைசலில் பல நாள் ஊறவைத்து, பின் குளோரைடு வடிவுக்கு மாற்றி, எஞ்சிய அயனிப் பரிமாற்றத் திறனை வெள்ளி நைட்ரேட்டால் தரம்பார்க்கலாம். உலர்ந்த மின்முனையின் கொடுமை இதில் தெரியாதுதான். தொடக்கத்துக்கு இது போதும். சவ்வை வெளியிலிருந்து வாங்க வேண்டும். பியூரெட்டும் பிப்பெட்டும் நம்மிடம் உண்டு. அடுத்த ஆண்டு திட்டப்பணியாக இதை அனுமதிக்குமாறு வேதியியல் பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். வெள்ளி நைட்ரேட்டு விலை அதிகம் என்பது தெரியும். சொட்டுக்குச் சொட்டு கணக்கு வைத்துக்கொள்கிறோம்.