பிறந்த நாள் வந்தால் பொறுப்பு வந்துவிடுமா?

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் இங்கிலாந்தில் நடந்த ஒரு காரியத்தை நம் தோழர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

வேறொருவருடைய சிறுநீரகத்தைப் பிள்ளைக்கு வைத்தால், அவன் உடம்பு அதை அன்னியப் பொருளாகவே கருதி எதிர்க்கும். அந்த எதிர்ப்பை அடக்க, அச்சிறுநீரகம் வேலை செய்யும் காலமெல்லாம் வேளை தவறாமல் மருந்து சாப்பிட்டாக வேண்டும். சில வேளை தவறினால் உடனே வலியோ காய்ச்சலோ காணாமலிருக்கலாம். தெரியவரும்போது காரியம் கைமிஞ்சிப் போயிருக்கும்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்தவரை மருந்தை எடுத்துக் கொடுத்தவள் தாய். டாக்டரிடம் பேசியவர் தகப்பனார். பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததோடு சரி. 18 வயது ஆனதும், "இனி நீ பெரியவன்" என்று ஒரு கடிதத்தைக் கொடுத்து, முன்பின் தெரியாத டாக்டரிடம் அனுப்பிவிடுகிறார்கள். தன் மருந்தின் பெயரையே அறியாதவனுக்கு ஒரே இரவில் பொறுப்பு எங்கிருந்து வரும்? பிறந்த நாளுக்கு அப்படியொரு மகிமை உண்டென்று நம்புவது மூடநம்பிக்கை அல்லவா என்று கேட்கின்றோம்.

கடைசியில் சிறுநீரகம் கெட்டால், ஒருவர் "தலைவிதி" என்பார். மற்றொருவர் "பையன் பொறுப்பற்றவன்" என்பார். இரண்டும் காரணத்தைத் தேடாமல் தப்பித்துக்கொள்ளும் பேச்சேயாகும்.

ஆக்ஸ்போர்டு நகரில் இப்படி நேராக மாற்றப்பட்ட 9 பேரில் 6 பேர் சிறுநீரகத்தை இழந்தார்கள். 2006-ல் அங்கே ஏற்பாட்டை மாற்றினார்கள். குழந்தை டாக்டரும் பெரியவர்களுக்கான டாக்டரும் சேர்ந்தே பார்த்தார்கள். இளைஞர்கள் ஒருவருக்கொருவர் துணையாயிருக்கவும் வழி செய்தார்கள். அவ்வழியே வந்த 12 பேரில் ஒருவரும் இழக்கவில்லை என்று 2012-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். கணக்கு சிறியதுதான்; ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இங்கே மாறியது பிள்ளைகளின் விதியா, மனிதர் செய்த ஏற்பாடா? 2016-ல் அந்நாட்டின் நைஸ் என்னும் ஸ்தாபனமும், நெடுநாள் வைத்தியம் வேண்டியவர்களுக்கு 13 அல்லது 14 வயதிலேயே இம்மாற்றத்துக்குத் திட்டமிட வேண்டுமென்று சொல்லிற்று.

இதற்குப் பணம் ஏது என்பார்கள். சிறுநீரகம் போனால் வாரத்துக்கு மூன்று தடவை இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தி செய்ய நேருமே, அதற்கு மட்டும் பணம் வேண்டாமா?

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்: மருந்தின் பெயர், அளவு, வேளை, அதன் காரணம் ஆகியவற்றைப் பிள்ளைக்கு இன்றே சொல்லிக் கொடுங்கள். டாக்டர் கேட்கும் கேள்விக்கு அவனையே பதில் சொல்ல விடுங்கள். பழக்கினால்தான் பொறுப்பு வரும். வயது மட்டும் அதைக் கொண்டுவந்துவிடாது.